ஒரே சுவரில் கொடி ரோஜாவும் ரங்கூன் மல்லியும்: ரோஜா மட்டும் ஏன் காணாமல் போகிறது?

நர்சரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு கறுப்புப் பையில் கொடி ரோஜா, இன்னொரு பையில் ரங்கூன் மல்லி. உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டடி. காம்பவுண்டு சுவர் மொட்டையாக நிற்கிறதே என்று இரண்டையும் வாங்கி வருகிறோம். இரண்டடி இடைவெளி விட்டு நடுகிறோம். இரண்டும் பின்னிக்கொண்டு சுவர் முழுக்கப் பூக்கும் என்று மனதுக்குள் ஒரு படம் ஓடுகிறது. இன்ஸ்டாகிராமில் பார்த்த படம்தான்.

இரண்டு மழைக்காலம் போகட்டும். ரங்கூன் மல்லி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பிடித்திருக்கும். சாயங்காலமானால் தெருவே மணக்கும். ரோஜா? இலைக் குவியலை விலக்கித் தேட வேண்டும். உள்ளே நாலு முள் குச்சி, நுனியில் வெளிறிப்போன ஏழெட்டு இலை.

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. அம்மா ஏற்காட்டில் வாங்கி, மலைப் பாதை முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த செடி அது. மூன்றாவது வருடம் "அந்த ரோஸ் என்னடா ஆச்சு?" என்று அம்மா கேட்டபோதுதான் கொடியை விலக்கிப் பார்த்தேன். உரம் பத்தலை, பூச்சி விழுந்துடுச்சு, சென்னை வெயில் ஒத்துக்கலை என்று என்னென்னவோ பேசினோம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால், முக்கியக் காரணம் வேறு. நாங்களே அந்தச் செடியை ஜெயிக்க முடியாத ஒரு போட்டியில் இறக்கிவிட்டிருந்தோம்.

ரோஜா உண்மையில் கொடியே இல்லை

கொடி என்றால் எதையாவது பிடித்து ஏற வேண்டும். சங்குப்பூ தண்டாலேயே சுற்றிக்கொள்ளும். பாகல், புடலைக்குப் பற்றுக்கம்பி உண்டு. சுவரோடு ஒட்டிப் படரும் சிற்றிலைக் கொடி, நர்சரியில் 'வால் கிரீப்பர்' என்று கொடுப்பார்களே, அதற்கு ஒட்டும் வேர்கள். கொடி ரோஜாவுக்கு இவற்றில் எதுவுமே கிடையாது. நீளமாக வளரும் கிளைகள், அவற்றில் கீழ்நோக்கி வளைந்த முட்கள். அந்த முள் எங்காவது கொக்கி மாதிரி மாட்டினால் உண்டு, இல்லாவிட்டால் கிளை சரிந்து தரையில் கிடக்கும்.

கொடிகள் எப்படி ஏறுகின்றன என்று சார்லஸ் டார்வின் 1865-ல் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் இருப்பதிலேயே திறமை குறைந்தவை என்று சொன்னது இந்தக் கொக்கிக் கொடிகளைத்தான். அடர்ந்த செடி கொடிகளின் நடுவில் மட்டுமே இவற்றால் ஏற முடியும் என்பது அவர் கணிப்பு. குறைந்தபட்சம் குளிர்ப் பிரதேசங்களில் அப்படித்தான் என்றும் ஜாக்கிரதையாகச் சேர்த்துக்கொண்டார்.

அதற்காக ரோஜாவைச் சோப்ளாங்கி என்று நினைக்க வேண்டாம். காட்டில் பெரிய மரங்களின் மேலேயே ஏறிவிடும் ரோஜா ஒன்று உண்டு. பெயர் ரோசா ஜைஜான்டியா. 1880-களில் மணிப்பூர் மலைகளில் ஜார்ஜ் வாட்டும், பர்மாவின் ஷான் மலைகளில் ஹென்றி காலெட்டும் இதைக் கண்டார்கள். ஆக ரங்கூன் மல்லிக்கு மட்டுமல்ல, ரோஜாவுக்கும் ஒரு பர்மா கதை இருக்கிறது. கொடைக்கானலில் இருந்தபடி எம்.எஸ். வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதி இந்த இனத்தையும், ஈரநிலத்தையும் வெப்பத்தையும் தாங்கும் ரோசா கிளைனோஃபில்லா என்ற இன்னொரு இந்தியக் காட்டு ரோஜாவையும் வைத்து, நம்மைப் போன்ற வெயில் ஊர்களுக்கான ரோஜாக்களைப் பல ஆண்டுகள் உருவாக்கினார்கள். தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள் பெயரில் ஒரு மஞ்சள் ரோஜாவும் அவர்கள் கொடுத்ததுதான்.

காட்டில் ரோஜாவுக்கு மரம் ஏணி. வெறும் சுவரில் அந்த ஏணி கிடையாது. நீங்கள் கம்பி கட்டி, கிளையைப் பிடித்து அதில் கட்டினால்தான் அது ஏறும். நீங்கள் ஆபீஸ் வேலையில் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகாவிட்டால் ரோஜா நின்ற இடத்தில் நிற்கும். ரங்கூன் மல்லிக்கு உங்கள் உதவியே வேண்டாம். தண்டால் சுற்றும். இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடிப்பகுதி முள்ளாக இறுகி அதுவும் கொக்கியாகிவிடும். மாட்டிக்கொள்ளப் பக்கத்தில் என்ன இருக்கிறது? ரோஜாதான்.

இலைக்கு மேலே ஒரு சண்டை, மண்ணுக்குக் கீழே இன்னொன்று

ரோஜாவுக்கு ஒரு நாளைக்கு 5, 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். கொடி மேலே போர்வை மாதிரி விழுந்துவிட்டால் முதலில் பூ நிற்கும், பிறகு அடியிலிருந்து வரும் புதுக் குருத்துகள் நிற்கும். இந்தக் குருத்துகள்தான் முக்கியம். கொடி ரோஜாவின் கிளை ஒவ்வொன்றும் சில வருடங்களுக்குத்தான் நன்றாகப் பூக்கும். அடியிலிருந்து புதுக் கிளை வந்துகொண்டே இருந்தால்தான் செடிக்கு ஆயுள்.

அடுத்தது ஈரம். ரோஜா இலையில் கரும்புள்ளி நோயைக் கொண்டுவரும் பூஞ்சைக்கு, இலை தொடர்ந்து சுமார் 7 மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். காலை வெயிலும் காற்றும் படும் செடியில் பனி சீக்கிரம் காய்ந்துவிடும். கொடிக்குள் சிக்கிய செடியில் மதியம் வரை காயாது. மருந்து அடித்து அடித்துச் சலித்துப்போகிறவர்கள் ஒருமுறை தலைக்கு மேலே பாருங்கள்.

மண்ணுக்குக் கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ரங்கூன் மல்லியின் வேர் பரவுகிற இடத்திலெல்லாம் புதுக் கன்று முளைக்கும். ரோஜாவுக்கென்று நீங்கள் போடும் தொழு உரமும் கடலைப் புண்ணாக்குத் தண்ணீரும் யாருக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்?

காகிதப்பூ கதை வேறு மாதிரி. அது வறட்சியில் பூக்கும் செடி. தண்ணீரும் உரமும் கூடினால் இலையாகத் தள்ளும், பூ குறையும். ரோஜாவோ இரண்டையும் கேட்கும் செடி. ஒரே குழியோரத்தில் இரண்டையும் வைத்தால் ரோஜாவுக்கு ஊற்றுகிற தண்ணீர் காகிதப்பூவைக் காடாக்கும். காகிதப்பூவுக்காகத் தண்ணீரை நிறுத்தினால் ரோஜா வாடும். இரண்டையும் ஒரே பாத்தியில் திருப்திப்படுத்த முடியாது. முள் விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. ரோஜா முள் தோலோடு வளர்வது, பக்கவாட்டில் அழுத்தினால் 'டக்'கென்று உதிரும். காகிதப்பூவின் முள் கிளையே மாறி முள்ளானது, உதிராது. கையுறை இல்லாமல் இரண்டும் பின்னிய புதருக்குள் கை விட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அபார்ட்மென்ட் பால்கனிகளில் பச்சைத் திரை மாதிரி தொங்கும் கர்ட்டன் கிரீப்பர், பெரிய நீலப் பூ பூக்கும் தன்பெர்ஜியா, இவையும் இதே ரகம்தான். நீலத் தன்பெர்ஜியாவை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் களைச் செடி என்றே பட்டியலிட்டு வைத்திருக்கிறது. துண்டு விழுந்த இடத்தில்கூட முளைக்கும்.

அப்போ இங்கிலாந்து வீடியோவில் மட்டும் எப்படி?

நியாயமான கேள்வி. அங்கே ரோஜாவோடு கிளெமாட்டிஸ் என்ற கொடியை விடுகிறார்கள். பார்க்கச் செழிப்பாக இருந்தாலும் அதன் தண்டு பென்சிலைவிட மெலிது. அதில் கோடைக் கடைசியில் பூக்கும் ரகங்களை வருடா வருடம் குளிர்காலம் முடியும்போது ஓரடி உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். ரோஜா துளிர்க்கும் நேரத்தில் அதன் மேல் எதுவுமே இருக்காது. வீடியோவில் நமக்குக் கலர் காம்பினேஷன் தெரிகிறது. அந்த வெட்டு தெரிவதில்லை.

நம் சமவெளியில் கிளெமாட்டிஸ் கலப்பினங்கள் தேறுவது கஷ்டம். ஆனால், அந்த வேலையைச் செய்யக்கூடிய கொடிகள் நம்மிடமே இருக்கின்றன. சங்குப்பூ மெல்லிய தண்டு, சின்ன இலை, பயறு வகைச் செடி என்பதால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தையும் சேர்க்கும். மயில் மாணிக்கம் இன்னும் மெல்லியது, இலை சீப்புப் பல் மாதிரி இருக்கும், சில மாதங்களில் பூத்து விதைத்து முடிந்துவிடும். இரண்டையுமே ஒன்றிரண்டு தண்டு மட்டும் ரோஜாவில் ஏறவிட்டு, மிச்சத்தைக் கிள்ளிவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டினாலும் மனசு வலிக்காது, விதை இருக்கிறது.

ஆனால், அவையும் ரோஜாவுக்கு இரண்டு வயது ஆன பிறகுதான். கொடி ரோஜா முதல் இரண்டு வருடம் வேர் பிடிப்பதிலேயே இருக்கும். "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று நமக்குத் தோன்றும் காலம் அது. அந்த வெற்றுச் சுவரைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நாம் வேகமாக வளரும் கொடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறோம்.

யார் தரையில், யார் தொட்டியில்?

பெரும்பாலான வீடுகளில் ரோஜா தொட்டியில் இருக்கும், ரங்கூன் மல்லி தரையில் இருக்கும். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். ரோஜாவைத் தரையில் வையுங்கள். ஆவேசமாக வளர்கிறவரைத் தொட்டியில் வையுங்கள். வேருக்கு இடம் குறைந்தால் கொடியின் வேகமும் குறையும். பெரிய சிமென்ட் தொட்டி போதும். ஆனால் மண்ணில் நேராக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். இல்லாவிட்டால் அடி ஓட்டை வழியாக வேர் தரைக்கு இறங்கிவிடும், அப்புறம் தொட்டி வெறும் அலங்காரம்தான். ரோஜாவுக்கும் அதற்கும் நடுவில் 8 முதல் 10 அடி இருக்கட்டும். கொடியைச் சுவரில் பக்கவாட்டில் ஓடவிடாமல் கேட் ஆர்ச் மேலேயோ மாடிக்கோ நேராக ஏற்றிவிடுங்கள்.

இரண்டு சுவர் இருந்தால் குழப்பமே இல்லை. கிழக்கு வெயில் படும் சுவர் ரோஜாவுக்கு. மேற்கு வெயிலில் கொதிக்கும் சுவர் ரங்கூன் மல்லிக்கு. சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் சாயங்காலம் வரை அனலை வீசிக்கொண்டே இருக்கும். ரோஜாவுக்கு அங்கே இலை கருகும், இலைக்கு அடியில் செஞ்சிலந்தி சேரும். ரங்கூன் மல்லிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்கும் நிழல் கிடைக்கும். ஓசூர், ஊட்டி, பெங்களூருக்காரர்களுக்கு இந்த மேற்குச் சுவர் கவலை அவ்வளவாக இருக்காது, கொடுத்துவைத்தவர்கள்.

ரோஜாவைச் சுவரை ஒட்டி நடக்கூடாது. சுவர் மழையை மறைக்கும், அடியில் மண் எப்போதும் காய்ந்தே கிடக்கும். ஒன்றரை அடி தள்ளி, ஒன்றரை அடிக் குழி எடுத்து, செடியைச் சுவர் பக்கம் லேசாகச் சாய்த்து நடுங்கள். குழி எடுக்கும்போது என்ன வருகிறது என்று பாருங்கள். புதுவீடு என்றால் பெரும்பாலும் உடைந்த செங்கல், சிமென்ட் பூச்சுக் கட்டி, ஜல்லி. இந்தச் சுண்ணாம்புச் சத்தில் மண்ணின் காரத்தன்மை ஏறும். ரோஜா விரும்புவது லேசான அமிலத்தன்மை, பி.எச். 6 முதல் 6.5 வரை. அது ஏறிப்போனால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இதுதான் விஷயம். எங்கள் குழியில் அரை மூட்டை கட்டட மிச்சம் கிடைத்தது. அதை எடுத்துவிட்டு, செம்மண்ணும் நன்கு மட்கிய தொழு உரமும் கலந்து நிரப்புவதுதான் வழி.

நிமிர்த்திக் கட்டாதீர்கள், படுக்க வையுங்கள்

சுவரில் பிளக் அடித்து, ஹூக் திருகி, ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாக ஜி.ஐ. கம்பியைக் குறுக்கே கட்டுங்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி வேண்டும், காற்று போக. கிளையைக் கம்பிக்குப் பின்னால் செருகாமல், கம்பிக்கு முன்னால் வைத்துக் கட்டுங்கள். பின்னால் எடுக்கும்போது உடையாது.

கிளையை மேலே மேலே ஏற்றினால் உச்சியில் மட்டும் நாலு பூ வரும், அதுவும் பக்கத்து வீட்டுக்காரருக்கு. காரணம் எளிது. நுனி மொட்டில் உருவாகும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கி, பக்க மொட்டுகளைத் தூங்கவைக்கிறது. கிளையைப் படுக்கைவாட்டில் வளைத்துவிட்டால் அந்த அதிகாரம் தளர்ந்துவிடும். கிளை நெடுகக் கணுவுக்குக் கணு துளிர்க்கும், துளிர்க்குத் துளிர் பூக்கும். இளம் கிளையாக இருக்கும்போதே, செடிக்குத் தண்ணீர் விட்ட மறுநாள், கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். ஒரே நாளில் வளைத்தால் முறிந்துவிடும்.

கட்டுவதற்குப் பழைய வேட்டிக் கிழிசல், சணல், வாழை நார் எதுவானாலும் சரி. கேபிள் டை வேண்டாம். கிளை தடிக்கும், அது தடிக்காது, கழுத்தை நெரித்துவிடும். வாழை நார் சில மாதத்தில் இற்றுப்போகும். எனக்கு அது பிடிக்கும், மறுபடி கட்டப் போகும்போதாவது செடியைப் பார்க்கிறோமே.

முதல் இரண்டு வருடம் முக்கியக் கிளைகளை வெட்டவே வேண்டாம். புதர் ரோஜாவிலிருந்து பிறந்த சில கொடி ரகங்கள், சின்ன வயதில் ஒட்ட வெட்டினால் மறுபடி புதராகவே திரும்பிவிடும். பிறகு வருடா வருடம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், மழையின் இடைவெளி பார்த்து, பூத்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டுக் கத்தரிக்கலாம். ரொம்பப் பழைய கிளை ஒன்றை அடியோடு எடுத்துவிடலாம்.

இன்னொரு எதிரி செடிக்கு உள்ளேயே இருக்கிறது. தென்னிந்தியாவில் ஒட்டு ரோஜாக்களுக்குப் பெரும்பாலும் ரோசா மல்டிஃப்ளோரா என்ற இனத்தின் வேர்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதுவே தடை செய்யப்பட்ட களை. ஒட்டுக்குக் கீழிருந்து வெளிர் பச்சையாக ஒரு குருத்து வேகமாகக் கிளம்பினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மண்ணை விலக்கி, புறப்படும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள். விட்டால் சின்ன வெள்ளைப் பூக்கள்தான் மிஞ்சும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரோஜா போய்விடும்.

ஏற்கெனவே மூடிவிட்டதா?

அவசரப்பட்டுக் கொடியை இழுக்காதீர்கள். இழுத்தால் ரோஜாக் கிளையும் சேர்ந்து முறியும். கொடியின் தண்டை அடியிலும் நடுவில் நாலைந்து இடங்களிலும் வெட்டிவிட்டு ஒரு வாரம் காத்திருங்கள். வாடிச் சுருங்கிய பிறகு துண்டு துண்டாக உருவினால் சுலபமாக வரும். ஏப்ரல், மே மாதங்களில் இதைச் செய்ய வேண்டாம். வருடக்கணக்கில் நிழலில் இருந்த கிளை திடீரென்று அக்னி வெயிலைப் பார்த்தால் கருகிவிடும். வெட்டுவதற்கு முன் உள்ளே கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்னானும் தையல்சிட்டும் இப்படிப்பட்ட புதரில்தான் குடித்தனம் நடத்தும். குஞ்சு இருந்தால் அது பறந்து போகும் வரை உங்கள் ரோஜா பொறுத்துக்கொள்ளும்.

பிறகு ரோஜாக் குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு, சுற்றி இரண்டடிக்கு மண்ணைக் கிளறி, கொடியின் வேர்களை எடுத்து, தொழு உரம் போட்டு, மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிடுங்கள். ரசாயன உரம் உடனே வேண்டாம்.

சுவரையும் ஒரு தடவை பாருங்கள். பல காம்பவுண்டு சுவர்கள் நாலரை இஞ்ச் செங்கல் சுவர்தான். மழையில் நனைந்த கொடிக் குவியலின் எடை ஒருபக்கம், புயல் காற்றில் அது பாய்மரம் மாதிரி விரிந்து இழுப்பது இன்னொரு பக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கொடியைக் குறைப்பது ரோஜாவுக்காக மட்டும் அல்ல. தெருப் பக்கம் தொங்கும் முள் கிளையையும் அப்போதே எடுத்துவிடலாம். அந்த வழியாக ஸ்கூல் பிள்ளைகள் போவார்கள்.

கொடியை வெட்ட வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் உண்மையில் கஷ்டமான வேலை. ரங்கூன் மல்லி பூ சாயங்காலம் வெள்ளையாக விரியும், மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் சிவப்பு. இரவில் வெள்ளைப் பூவுக்கு அந்துப்பூச்சி வரும், பகலில் நிறம் மாறிய பூவுக்குத் தேனீ வரும். அப்படிப் பூத்துக் குலுங்கும் ஒன்றை, உள்ளே எங்கோ இருக்கும் நாலு குச்சிக்காக வெட்டுகிறேன் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அப்பா ஒரு மாதம் பேசவில்லை.

எங்கள் ரோஜாவின் ஐந்து கிளைகளில் மூன்று போய்விட்டன. மிச்சம் இரண்டைக் கம்பியில் படுக்க வைத்துக் கட்டினோம். ஒன்பது மாதம் கழித்து அடியிலிருந்து சிவப்பாக ஒரு குருத்து வந்தது. ஒட்டுக்கு மேலிருந்துதான், இரண்டு தடவை மண்ணை விலக்கிப் பார்த்தேன். ரங்கூன் மல்லியின் வேர்க்கன்று ஒன்று இப்போது கேட் பக்கம் சிமென்ட் தொட்டியில் இருக்கிறது. பழைய அடிக்கட்டை இன்னும் மாதம் ஒருமுறை எங்கிருந்தாவது முளைக்கிறது, கிள்ளிக்கொண்டே இருக்கிறோம். போன வாரம்கூட ரோஜாவுக்கு அரை அடி தள்ளி ஒன்று வந்திருந்தது. இந்தத் தடவை அதைப் பிடுங்கியது அப்பா.